பதினேழாவது ஒட்டு

செவ்வாய்க்கிழமை காலையில் கெர்கென்னாத் தீவுகளைச் சுற்றியிருந்த கடல் காணாமல் போனது. நிஜக் கடல் இல்லை. அது வழக்கம்போல முழங்கால் ஆழத்தில் சோம்பிக் கிடந்தது. காணாமல் போனது ஃபோனில் இருந்த கடல். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் ஃபோனுமாக நின்றபடி, கணக்கு வாத்தியார் நாஸர் 'ஷர்ஃபியா' செயலியின் சோதனைப் பதிப்பைத் திறந்தான். நீலமாக இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மணல். உடனே ஸ்ஃபாக்ஸ் நகரத்திலிருந்த ரவ்தாவைக் கூப்பிட்டான்.

"அக்கா, என் வீடு பாலைவனத்துக்கு நடுவுல இருக்கு. ஒட்டகம் ஏதாவது வாங்கணுமா, சொல்லு."

"வாயை மூடு. நானும் அதத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

ரவ்தா அவனுக்குப் பெரியப்பா மகள். பகலில் ஓர் ஆலிவ் எண்ணெய்க் கம்பெனியில் கணினிப் பிரிவு. மீதி நேரமெல்லாம் ஷர்ஃபியா. ஏழு வருடத்துக்கு முன்னால் இரண்டு பேருமாகச் சேர்ந்து எழுதிய செயலி அது. எந்த மணிக்கு எந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று காட்டும். காசு கிடையாது, ரகசியமும் கிடையாது. நிரல் முழுவதும் யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம், திருத்தலாம். தீவில் தொள்ளாயிரம் மீனவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் படகை இறக்குகிறார்கள். இப்போது வந்த சிக்கல் என்னவென்றால், பழைய உதிரிகளால் ஆன செயலிகளை மாதம் முடிந்ததும் கடையிலிருந்து தூக்கிவிடுவோம் என்று ஃபோன் கம்பெனிக்காரர்கள் அறிவித்துவிட்டார்கள். எட்டுக் கைப் பேய்க்கணவாயைப் பிடிக்கிற பருவம் அதற்கு இரண்டு வாரம் கழித்துத் தொடங்குகிறது. எந்த நேரம் பார்த்துக் கழுத்தறுக்கிறார்கள் பாருங்கள்!

அதனால்தான் ரவ்தா முந்தின நாள் ஸோன்டாவைப் புதுப்பித்தாள். ஸோன்டா என்பது நார்வேக்காரர்கள் எழுதி, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்திருக்கிற நிரல்தொகுப்பு. ஆழத்தை வரைபடமாகத் தீட்டுவது அதன் வேலை. ஷர்ஃபியாவுக்குள் அது ஓர் இரவல் சட்டை மாதிரி. இரவல் சட்டையை அப்படியே போட்டிருந்தால் வம்பில்லை. நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? இடுப்பில் கொஞ்சம் பிடித்து, தோளில் கொஞ்சம் இறக்கி, ஏழு வருடமாக அதன்மேலேயே ஊசி போட்டிருக்கிறார்கள். எங்கே, எதற்கு என்று ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வைக்கவில்லை. ரவ்தா பழைய சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசை மாட்டியதும் தையலெல்லாம் போயிற்று, கூடவே கடலும் போயிற்று. இந்தத் தொழிலில் எல்லோரும் கண்டிக்கிற பாவம் இது. கண்டித்துக்கொண்டே எல்லோரும் செய்கிற பாவமும் இதுதான்.

"பயப்படாத," என்றாள் ரவ்தா. "பழசு பத்திரமா இருக்கு. நம்ம கை வெச்ச இடம் ஒவ்வொண்ணையும் தோண்டி எடுக்கப் போறேன். ஒரு வரி விடாம."

நாஸர் கடித்த ரொட்டியை அப்படியே மேசையில் வைத்தான். ஏனென்றால் அந்தத் தையல்களில் ஒன்று அவன் திருட்டுத்தனமாகப் போட்டது.

அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடத்துக்கு முன்னால் அவனுடைய மாமனார் மொக்தாத், அத்தாயா துறைமுகத்துக் காபிக்கடையில் ஊரே கேட்கும்படி ஓலமிட்டார். கடலுக்குள் இருக்கிற மேற்கு மேட்டில் முப்பது வருடமாக அவர் மண்பானை இறக்கிப் பேய்க்கணவாய் பிடிக்கிற இடத்தை மாப்பிள்ளையின் செயலி உலகத்துக்கே காட்டிக்கொடுத்துவிட்டதாம்; கண்டவனெல்லாம் வந்து பானை போடுகிறானாம். நாஸர் அப்போது புது மாப்பிள்ளை. அவமானத்தில் கூனிக் குறுகிப்போனான். அன்று சாயங்காலமே ஸோன்டாவுக்குள் புகுந்து மேற்கு மேட்டைச் சுற்றி நாலு மூலை குறித்து, அந்தக் கட்டத்துக்குள் கடல்தரையை அறுபது சென்டிமீட்டர் உயர்த்திவிட்டான். செயலியில் அந்த இடம் வறண்ட திட்டாகிவிட்டது. படகுக்காரன் எவனும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மாமனாரிடம் அவன் மூச்சு விடவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை. தான் அவருக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தான். ஏனோ அந்த வருடத்திலிருந்துதான் மாமனார் அவனிடம் முகம் கொடுத்தே பேசுவதில்லை. பழைய கோபம் இன்னும் ஆறவில்லை போல என்று அவன் நினைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை மதியம் ரவ்தா காணொளியில் வந்தாள். தலைமுடியை உச்சியில் அள்ளி முடிந்திருந்தாள். வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

"முதல்ல ஒண்ணு சொல்லு. அன்னிக்கு ஸோன்டாவோட எந்தப் பதிப்ப எடுத்தோம்?"

"ஏதோ பழைய பதிப்பு."

"ஆஹா! என்ன ஒரு ஞாபகசக்தி! ஒன்பது பழைய பதிப்பு இருக்கு, வாத்தியாரே. ஒன்பதையும் இறக்கி, நம்மளோடத ஒவ்வொண்ணு பக்கத்துலயும் வெச்சுப் பாத்தேன். நாலாயிரம் வரி வித்தியாசம், மூவாயிரம் வரி வித்தியாசம். ஆறாவத வெச்சேன் பாரு, இருநூத்திச் சொச்சந்தான்! அதான் நாம எடுத்தது. நான் போட்ட கத்தல்ல உன் மச்சான் அடுப்பங்கரைலருந்து கரண்டியோட ஓடி வந்துட்டாரு."

அந்த இருநூற்றுச் சொச்சம் வரிகளை அவள் பத்தொன்பது ஒட்டுகளாகப் பிரித்திருந்தாள். இனிமேல் நார்வேக்காரர்களின் நிரலில் யாரும் நேரடியாகக் கைவைக்கக் கூடாது. ஒவ்வொரு மாற்றமும் ஒட்டு என்ற பெயரில் தனிக் கோப்பு. அதன் தலையில் நாலு விஷயம்: யார் போட்டது, ஏன் போட்டது, நார்வேக்காரர்களிடம் சொன்னோமா, எப்போது தூக்கி எறியலாம். புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் முதலில் அவர்களுடையதை அப்படியே வைத்து, அதன்மேல் நம் ஒட்டுகளை வரிசையாகப் போட வேண்டியதுதான்.

"காரணம் எழுதாத ஒட்டு உள்ள வராது. யார் போட்டிருந்தாலும் சரி. புரியுதா?"

"புரியுது," என்றான் நாஸர்.

பதினோரு ஒட்டுகளை நார்வேக்காரர்களே இதற்குள் சரிசெய்திருந்தார்கள். ஒவ்வொன்றைத் தூக்கி எறியும்போதும் ரவ்தா கைதட்டினாள். தேவையில்லாததை எறிவதில் அவளுக்கு இருக்கிற சந்தோஷம் எழுதுவதில்கூடக் கிடையாது. ஒன்பதாவது வந்தபோது மட்டும் கொஞ்சம் திணறினாள்.

"இது... கரையோட பச்சையை மாத்தியிருக்கு."

"யாரு போட்டது?"

"நான்தான்."

"காரணம்?"

"அந்தப் பச்சை எனக்குப் பிடிக்கல. சரி சரி, இளிக்காத. எறிஞ்சாச்சு."

பதினாலாவதுதான் கடலை விழுங்கிய விஷயம். ஒரு மீட்டருக்குக் குறைவான ஆழத்தை ஸோன்டா கரை என்று எடுத்துக்கொள்கிறது. கெர்கென்னாவில் பாதிக் கடலே ஒரு மீட்டருக்குக் குறைவுதான். எங்கள் படகுகளும் அதற்கேற்ற தட்டை அடிப் படகுகள். நம் ஒட்டு அந்த ஒரு மீட்டர் வரம்பைத் தூக்கிவிட்டு, அளந்த ஆழத்தை அப்படியே காட்டு என்கிறது. இதை நார்வேக்காரர்களே ஏற்றுக்கொண்டால் காலாகாலத்துக்கும் தொல்லை விட்டது. ஆறு வருடத்துக்கு முன்னால் கேட்டதற்கு மறுத்துவிட்டார்கள்.

"ஏன் மறுத்தாங்கன்னு பழைய கடுதாசியத் தேடிப் பாத்தேன்," என்றாள் ரவ்தா. "நீ எழுதினது. 'உங்களுக்குக் கடல் என்றால் என்னவென்று தெரியாது போலிருக்கிறது' அப்படின்னு ஆரம்பிச்சிருக்க. ஏண்டா, நார்வேக்காரன்கிட்ட போயி இதச் சொல்லுவாங்களா?"

"அப்ப எனக்கு வயசு கம்மி."

"இப்ப நீயே மரியாதையா எழுது. ஒரே ஒரு ஒட்டு, ஒரே ஒரு காரணம், கூட ஒரு படம். சரி, அடுத்தது பதினேழு." அவள் கண்ணைச் சுருக்கினாள். "இது என்ன எழவு? நாலு மூலை போட்டு, அதுக்குள்ள மட்டும் அறுபது சென்டிமீட்டர் ஏத்தியிருக்கு. மேல 'சில்லறைத் திருத்தம்'னு எழுதியிருக்கு. உன் பேரு."

நாஸர் திருதிருவென விழித்தான். ஞாபகமில்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் காரணமில்லாத ஒட்டு என்று எறிந்துவிடுவாள். பருவம் தொடங்கும் நேரம் பார்த்து மாமனாரின் இடம் பளீரென்று நீலமாகத் தெரியும். காரணத்தை எழுதினால் அதைவிட மோசம். கோப்புறை உலகத்துக்கே திறந்து கிடக்கிறது. 'இங்கே என் மாமனார் பேய்க்கணவாய் பிடிக்கிறார், அதனால் மறைத்திருக்கிறேன்' என்று அவனே பலகை நட்ட கதையாகிவிடும். ஐந்து வருடமாக அவன் காப்பாற்றி வந்த ஒன்றை, எப்படிப் பார்த்தாலும், அவன் கையாலேயே பறிகொடுக்க வேண்டும்.

கடைசியில் சொல்லிவிட்டான்.

"கடல்ல பொய் எழுதியிருக்க, நாஸர். தொள்ளாயிரம் பேரு நம்மள நம்புறாங்க."

"ஆழத்தக் கம்மியாத்தானே காட்டினேன். யாரும் தட்டி நிக்க மாட்டாங்க."

"பொய்யில என்ன பத்திரமான பொய்யி? ஞாயித்துக்கிழமை நான் அங்க வர்றேன். அதுக்குள்ள முடிவெடு. காரணத்தோட உள்ள வைக்கிறதா, தூக்கி எறியறதா. எறியறதா இருந்தா மொதல்ல உன் மாமனார்கிட்ட சொல்லு. அவரு செயலியப் பாத்து இதத் தெரிஞ்சுக்கக் கூடாது. அது ரொம்ப அசிங்கம்."

சனிக்கிழமை அவனும் மனைவி மொஃபீதாவும் நார்வேக்கு அனுப்பப் படம் எடுக்கப் போனார்கள். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளிப் படகை நிறுத்தி, அவன் இறங்கி நின்றான். தண்ணீர் முழங்காலுக்குக்கூட வரவில்லை. அளவுகோலைப் பக்கத்தில் நட்டுக்கொண்டான். பின்னால் தீவு, ஒரு கோடு மாதிரி. மொஃபீதா படகில் நின்று ஃபோனைத் தூக்கிப் பிடித்தாள்.

"கொஞ்சம் சிரியேன். கடலுக்கு உன்னக் கட்டாயக் கல்யாணம் பண்ணி வெச்ச மாதிரி நிக்கிற."

அவன் சிரிக்காமல் மேற்கு மேட்டுக் கதையை அங்கேயே கொட்டிவிட்டான். அவள் ஃபோனைத் தாழ்த்தினாள்.

"அஞ்சு வருஷமா? என்கிட்டகூடச் சொல்லல?"

"அன்னிக்கு உங்கப்பா காபிக்கடைல கத்தினப்போ எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? என்னாலதானே அவரு இடம் போச்சுன்னு..."

"நாளைக்கு மதியச் சாப்பாட்டுல நீயே அவர்கிட்ட சொல்லு. மாட்டேன்னா சொல்லிடு, நான் படக எடுத்துட்டுக் கிளம்பறேன். நீ நடந்தே வீட்டுக்கு வா."

உண்மையிலேயே நடந்து வந்துவிடலாம்தான். ஆனால் நாஸர் ஒப்புக்கொண்டு படகில் ஏறினான்.

படத்தையும் கடிதத்தையும் அனுப்பிய மூன்று மணி நேரத்தில் பதில் வந்தது. ஸோன்டாவைக் கவனித்துக்கொள்ளும் ஒட்வார் என்பவர் எழுதியிருந்தார். எங்கள் ஊரில் ஒரு மீட்டர் தண்ணீரில் படகு நின்றால் யாரோ தூங்கிவிட்டார் என்று அர்த்தம். உங்கள் அளவுகளெல்லாம் கருவிக் கோளாறு என்றே இத்தனை நாளும் நினைத்துவிட்டேன், மன்னிக்கவும். படத்தைச் சுவரில் மாட்டிக்கொள்ளலாமா? ஒட்டு ஏற்கப்பட்டது, அடுத்த பதிப்பில் வந்துவிடும். நாஸர் இரண்டு தடவை படித்தான். ஆறு வருடம் முட்டிமோதியது ஒரு படத்திலும் நாலு மரியாதையான வரியிலும் தீர்ந்துபோனதில், ஒரு நிமிஷம் மேற்கு மேடே மறந்துபோய்விட்டது. ரவ்தாவிடம் சொன்னதும் அவள் பதினாலாவது கோப்பின் தலையில் 'அடுத்த பதிப்பு வந்ததும் எறியலாம்' என்று எழுதி, மூன்று ஆச்சரியக்குறி போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மொக்தாத் வீட்டில் பார்லி ரவையில் வேகவைத்த கூஸ்கூஸ். பேய்க்கணவாயை வெயிலில் காயவைத்து, மிளகாய்ச் சாந்தோடு வேகவைத்த குழம்பு. கப்பலில் வந்திறங்கிய ரவ்தா மடிக்கணினியைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மொக்தாத் அவளிடம் நன்றாகத்தான் பேசினார். மாப்பிள்ளையைப் பார்த்து மட்டும் "ம்" என்றார்.

நாஸர் கரண்டியைக் கீழே வைத்தான். மொஃபீதா மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள்.

"மாமா, ஒரு விஷயம் சொல்லணும். உங்க மேற்கு மேடு..."

"அதுக்கு என்ன இப்போ?"

சொன்னான். நாலு மூலை, அறுபது சென்டிமீட்டர், வறண்ட திட்டு எல்லாம் சொன்னான். அவர் அன்று பட்ட வேதனையைப் பார்க்கப் பொறுக்காமல் செய்ததாகச் சொன்னான். இப்போது அதை எடுத்தாக வேண்டும், இரண்டு வாரத்தில் பருவம், ஊரே அங்கே வந்து பானை போடும், என்னை மன்னித்துவிடுங்கள் மாமா என்று முடித்தான்.

மொக்தாத் தலையில் இருந்த சிவப்புத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"அஞ்சு வருஷம்," என்றார். "நீதானா அது?"

"நான்தான் மாமா."

"அட படுபாவி மாப்ளே! என் குடியக் கெடுத்தியே!"

ரவ்தா எழுந்தே விட்டாள். மொக்தாத் அவளைக் கையமர்த்தினார்.

"உக்காரும்மா. இவன் என்ன பண்ணியிருக்கான்னு உனக்குத் தெரியுமா? மேற்கு மேட்டுல ஒரு மண்ணும் கிடையாது! என் வாழ்நாள்ல அங்க பத்துக் கணவாய் பிடிச்சிருந்தா அதிகம். ஊர ஏமாத்தறதுக்காக அங்க பத்துப் பானைய மெதவை கட்டிப் போட்டு வெச்சிருந்தேன், எல்லாரும் பாக்கட்டும்னு. என் நெஜமான இடத்துல மெதவையே கிடையாது. கரைல ரெண்டு அடையாளம் பாத்துத்தான் கயிறு எடுப்பேன். முப்பது வருஷமா எல்லாப் பயலும் மேற்கு மேட்டையே சுத்திச் சுத்தி வந்தானுங்க. உன் செயலி வந்ததும் இன்னும் கூட்டம். எனக்கு எவ்வளவு சந்தோஷம்! அந்தச் சந்தோஷத்துலதான் காபிக்கடைல உக்காந்து கத்தினேன். அப்பத்தானே நம்புவானுங்க!"

"அது... நடிப்பா?"

"பின்ன என்ன, நெஜமான இடத்த எவனாவது காபிக்கடைல உக்காந்து சொல்லுவானா? அந்த வருஷம் திடீர்னு ஒருத்தன் மேற்குப் பக்கம் போகல. எல்லாவனும் கெழக்க வந்துட்டானுங்க, நேரா என் தலைமேல! என்னடா இது, எவன் கண்ணு பட்டுச்சுன்னு தெரியாம நான் அலையறேன். அஞ்சு வருஷமாப் பாதிப் பிடிப்புதான். எல்லாம் அந்த ஃபோனாலதான் வந்த வினைன்னு எனக்குத் தோணிச்சு. அதான் உன்னப் பாத்தாலே எரியும்."

முதலில் சிரித்தது மொஃபீதாதான். சிரித்துச் சிரித்து மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ரவ்தா அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. நாஸர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை எழுதி வைத்திருந்தால், ஒரு வார்த்தை கேட்டிருந்தால், என்று அவன் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

"உடனே எடு அத," என்றார் மொக்தாத். "இப்பவே. சாப்பாடு அப்புறம்."

ரவ்தா தட்டுகளை நகர்த்திவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். பதினேழாவது ஒட்டை எடுத்துவிட்டு, எடுத்ததற்கும் காரணம் எழுத வேண்டுமே என்று நிமிர்ந்தாள்.

"எல்லாரும் படிப்பாங்களா அத?" என்று மொக்தாத் கேட்டார்.

"படிப்பாங்க. நெஜத்த மட்டுந்தான் எழுதுவேன், சொல்லிட்டேன்."

"எழுதும்மா. அங்க தண்ணி இருக்கறது நெஜந்தானே?"

'இந்த இடத்தில் தண்ணீர் உண்டு. தவறான ஆழம் நீக்கப்பட்டது' என்று எழுதி, சத்தமாகப் படித்துக்காட்டினாள். கிழவர் ரொம்பத் திருப்தியாகத் தலையாட்டினார். பத்து நிமிஷத்தில் புதுப் பதிப்பு கடைக்குப் போய்விட்டது, கெடு முடிய இரண்டு நாள் மிச்சம் வைத்து. மொஃபீதாவின் ஃபோனில் தீவைச் சுற்றிக் கடல் திரும்ப வந்திருந்தது. மேற்கு மேடும் நீலமாக இருந்தது. ரவ்தா நாற்காலியில் சாய்ந்து, இனி ஒரு மாதத்துக்கு யாரும் என்னைக் கூப்பிடாதீர்கள் என்றாள்.

மொக்தாத் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

"அந்த ஒட்டு எத்தன வரி?"

"ஆறு வரி மாமா."

"எனக்காகவா போட்ட?"

"ஆமா."

"வெளிய தெரிஞ்சா உன் பேரு கெட்டிருக்கும்ல?"

"கெட்டிருக்கும்."

மொக்தாத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"பருவம் தொடங்குற அன்னிக்கு, விடியறதுக்கு முன்னாடி துறைமுகத்துக்கு வா, மாப்ளே. ஃபோன வீட்டுலயே வெச்சிட்டு வா."

நாஸர் சரி மாமா என்று தலையாட்டினான்.